ஜன்னலைப் பார்த்த நாற்காலி

1

"…வரக்கூடாதுன்னு யாருலே சொன்னா? வா. தாராளமா வா. உன்னைய எங்க உக்கார வைக்கிறதுன்னுதான் யோசிக்கிறேன்" என்றான் பாண்டி.

வட்டக்கானலில், அவனுடைய சின்னச் சாப்பாட்டுக் கடையில், மழை நின்றும் நிற்காமலும் இருந்த ஒரு முற்பகலில் சொன்னான். சொல்லிவிட்டு அடுத்து ஒன்று செய்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால், 'இதுல என்ன இருக்கு, யாரும் செய்யுறதுதானே' என்று நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள்.

என் பெயர் சகாயம். கொடைக்கானலில் பிறந்தவன். அங்கே ஒரு பெரிய ஓட்டலில் பாத்திரம் கழுவி, பிறகு காய் நறுக்கி, பிறகு அடுப்பில் நின்று தொழில் படித்தேன். பள்ளிக்கூடப் படிப்பு அரைகுறைதான். மீதியை டூரிஸ்டுகளிடமும் பஸ் கண்டக்டர்களிடமும் வாயைக் கொடுத்து வாயைக் கொடுத்து நிரப்பிக்கொண்டேன். மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அயர்லாந்தில் அவளுக்கு வேலை கிடைத்தபோது அவள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நானும் வந்தேன், அப்படியே இருந்துவிட்டேன். மேற்குக் கரையில், கடலை ஒட்டி ஒரு சின்ன நகரம். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் எனக்கு வேலை. உப்பைக் குறைத்து, மிளகாயை மறந்து, பல் இல்லாதவர்களுக்குச் சமைக்கிறேன். சாப்பிட்டுவிட்டு 'லவ்லி' என்பார்கள். சாப்பிடாமல் தள்ளி வைத்தாலும் 'லவ்லி' என்பார்கள். தட்டு திரும்பி வருவதைப் பார்த்துத்தான் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வாரம் எங்கள் நகரத்தில் உணவக வாரம். சுற்றுலாக் கூட்டம் வடிந்த பிறகு, உள்ளூர்க்காரர்களாவது வந்து சாப்பிடட்டும் என்று உணவகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே சலுகை விலையில் சாப்பாடு போடுகிற வாரம். தெருவெல்லாம் நாலு பேர், ஆறு பேர் என்று கையைக் கோத்துக்கொண்டு சிரித்தபடி போகிறார்கள். என்னோடு வேலை பார்க்கிறவர்களும் போகிறார்கள். 'நீயும் எப்போதாவது எங்களோடு வரவேண்டும், சகாயம்' என்பார்கள். அந்த 'எப்போதாவது' பற்றிப் பிறகு சொல்கிறேன். ஸ்டெல்லாவுக்கு டியூட்டி. தனியாகவே போவது என்று முடிவு செய்து ஓர் உணவகத்துக்குப் போன் போட்டேன்.

"எத்தனை பேர்?" ஒரு பெண் குரல்.

"ஒருத்தர்."

"ஜன்னல் பக்கம் ஒரு மேசை இருக்கிறது. கடல் தெரியும்."

"வேண்டாம்மா. சமையலறைக் கதவு தெரிகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?"

"அங்கே சத்தமாக இருக்கும். அந்த மேசையை யாரும் கேட்டு வாங்குவதில்லை" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, நான் சுகாதாரத் துறையிலிருந்து பேசுகிறேனா என்று மரியாதையாகக் கேட்டாள்.

இல்லை என்றேன். போன வருஷம் மழையில் ஊருக்குப் போய் வந்ததிலிருந்து எனக்கு ஜன்னல் பக்கம் ஆவதில்லை என்பதை அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? உங்களிடம் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்.

2

பாண்டியும் நானும் ஒரே தொட்டியில் பாத்திரம் கழுவியவர்கள். அந்த ஓட்டலை விட்டு நான் அயர்லாந்துக்கு வந்தேன். அவன் வட்டக்கானலுக்கு இறங்கினான். அங்கே மாதக்கணக்கில் தங்குகிற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு, அவர்கள் ஊர்ச் சமையலை அவர்களிடமே கற்றுக்கொண்டு, சொந்தமாகக் கடை போட்டுவிட்டான். தக்காளியும் மிளகாயும் வதக்கி அதில் முட்டையை உடைத்து ஊற்றுகிற இஸ்ரேல் பண்டம் ஒன்று அவன் கடையில் பிரபலம். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பாண்டி அதை முட்டைக் குழம்பு என்பான். "பேரு வாய்ல நுழையலன்னா என்னலே, பண்டம் நுழையுதுல்ல?"

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. கஸ்டமர் வந்தால், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து நாற்காலியைத் தட்டித் துடைத்துப் போடுவான். ஈரம் இருந்தாலும் துடைப்பான், இல்லாவிட்டாலும் துடைப்பான். தன் ஆள் வந்தால் பேச்சைக்கூட நிறுத்த மாட்டான். காலால் ஒரு ஸ்டூலைத் தள்ளிவிடுவான். ஓட்டலில் இருந்த காலத்தில் அது என் முழங்காலில் வந்து இடிக்கும். அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவோம். பேசி முடிக்கிறபோது ஒவ்வொரு தடவையும் சொல்வான்: "என்னத்தலே அங்க கெடந்து வெறைச்சுக்கிட்டு இருக்க? வந்துரு. நம்ம கடையில இடமா இல்ல?"

நான் அதை நம்பினேன். ஏன் நம்பினேன் என்பதற்கு இந்த 'எப்போதாவது' கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் இங்கே வந்த புதிது. பக்கத்து வீட்டு அம்மா வேலியைத் தாண்டித் தலையை நீட்டி, "நீங்கள் எப்போதாவது எங்கள் வீட்டுக்கு வரவேண்டும்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மகன் ஜெரினைக் குளிப்பாட்டிப் புதுச் சட்டை மாட்டி, ஸ்டெல்லா கேசரி கிண்டி, மூன்று பேருமாகப் போய் மணியடித்தோம். அந்த அம்மா தலைமுடியைச் சுருட்டி வைத்த ஊசிகளோடு கதவைத் திறந்தார். எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறினார். உள்ளே கூப்பிட்டு டீயும் கொடுத்தார், பாவம். ஆனால் ஒரு நாற்காலியில் துவைத்த துணி, இன்னொன்றில் பூனை. மூன்று பேரும் நின்றுகொண்டே குடித்தோம். இங்கே 'வாங்க' என்பது வணக்கம் மாதிரி, தேதி சொன்னால்தான் அழைப்பு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஆனால் பாண்டி சொன்னது தமிழில் அல்லவா? தமிழில் வந்துரு என்றால் வந்துவிடு என்றுதானே அர்த்தம்?

ஜெரின் படித்து முடித்து டப்ளினில் வேலைக்குப் போய்விட்டான். அவனுக்கு நான் நாலு வரி அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வருகிறது. வீட்டில் ஸ்டெல்லாவும் நானும். அவளுக்கு ஒரு ஷிப்டு, எனக்கு ஒரு ஷிப்டு. அவள் மூடி வைத்துவிட்டுப் போன தட்டை நான் திறக்கிறேன். நான் மூடி வைத்ததை அவள் திறக்கிறாள். தட்டில் இருக்கிற ஆவியின் அளவை வைத்து, அவள் கிளம்பி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லிவிடுவேன்.

"ஊருக்கே போயிருவோமா?" என்று ஒருநாள் கேட்டேன். "பாண்டி கடையில நின்னுருவேன். மேல ஒரு ரூம் போட்டுக்குவோம்."

ஸ்டெல்லா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமல் சொன்னாள்: "நான் ராஜினாமா எழுதுறதுக்கு ஒரு நிமிசம் ஆகாதுங்க. ஆனா எழுதுனா எழுதுனதுதான், நம்ம வயசுக்குத் திருப்பிக் கூப்புட மாட்டாக. நீங்க மொதல்ல போயி ஒரு வாரம் இருந்து பாருங்க. உங்க சேக்காளிங்க உங்கள என்னவா வச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வாங்க. அவுக ஆளா வச்சிருந்தா நாளைக்கே கெளம்பிருவோம்."

என்னவா வச்சிருக்காங்க. விமானத்தில் வழி முழுக்க எனக்குள் இந்த வார்த்தைதான் ஓடியது.

3

வத்தலக்குண்டில் மலை பஸ்ஸுக்காக நின்றபோது, காபிக் கடைக்காரர் என் ஜாக்கெட்டை மேலும் கீழும் பார்த்தார். கடையில் மப்ளரும் தொங்கவிட்டிருந்தார்.

"சார் மேல போறீங்களா? குளிரு பிச்சு எடுக்கும். ஒரு மப்ளர் எடுத்துக்கங்க."

"நான் கொடைக்கானல்காரன்ங்க."

"அப்ப உங்களுக்கே தெரியும். ரெண்டா எடுத்துக்கங்க."

ஒன்று வாங்கினேன். ஊர்க்காரனாகவே திரும்பப் போகிறவன் அல்லவா, சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

பாண்டி வீட்டில் தங்குவதாகத்தான் பேச்சு. கிளம்புவதற்கு முன்பு போனில் சொன்னான், மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம். "உனக்கு அது சரிப்படாதுலே. வெந்நி கெடையாது, கட்டிலும் கெடையாது." கல்யாணம் ஆகிறவரை அதே மலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துத் தரையில் படுத்தவன் நான். சரி, பிரசவ வீடு. ரோஸ்லின் ஒரு லாட்ஜில் ரூம் சொல்லி வைத்தாள். ரோஸ்லின் யார் என்றால், அதே ஓட்டலில் அறை கூட்ட வந்தவள், இப்போது ஒரு ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங்குக்கே தலைவி. எங்கள் பழைய நாலு பேர் கூட்டத்தில் மூன்றாவது ஆள்.

லாட்ஜ் கவுண்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டைக் கேட்டார். கொடுத்தேன். அது அயர்லாந்து பாஸ்போர்ட். அட்டையின் நிறத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஃபாரினர் என்ட்ரி போடணும் சார். ரூல்ஸ். சொந்த ஊர் எது சார்?"

"கொடைக்கானல்."

தட்டினார். கம்ப்யூட்டரில் மறுபடி தட்டினார். "எடுக்க மாட்டேங்குது சார். கொடைக்கானல்னு போட்டா சிவப்புக் காட்டுது. வெளிநாட்டு ஊருதான் கேக்குது."

"நான் பொறந்தது அந்தா, அந்தச் சர்ச்சுக்குக் கீழ."

"நான் நம்புறேன் சார். இதுதான் நம்ப மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் ஒத்துழைக்கணும்."

ஒத்துழைத்தேன். அயர்லாந்து முகவரியைச் சொன்னேன். பச்சை காட்டியது. அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. சாவியைக் கொடுத்து, "வெல்கம் டு கொடைக்கானல் சார்" என்றார். பழக்கத்தில் 'தேங்க் யூ' என்றேன்.

4

ஆடி மழையில் கொடைக்கானலுக்கு வெளியாள் வரமாட்டான். ஏரியில் படகுகள் கட்டிக் கிடக்கும். குதிரைகள் சாக்கைப் போர்த்திக்கொண்டு மரத்தடியில் நிற்கும். அந்தச் சமயம் பார்த்து, கடைக்காரர்கள் சிலர் கூடி ஊர் ஆட்களுக்கு என்று ஒரு சாப்பாட்டு வாரம் வைத்திருந்தார்கள். தினம் ஒரு கடையில், மதியத்துக்கு, சலுகை விலையில் ஒரு தட்டு. கடைசி நாள் வட்டக்கானலில் பாண்டி கடை.

"சீசன்ல நம்மளப் பின்வாசல்ல விடுவானுக" என்றான் தங்கராசு, வேன் கதவைத் திறந்து பிடித்தபடி. "மழைக்கு முன்வாசல் தொறந்துருக்கு. வெரசா ஏறுங்க. வெயிலடிச்சாச் சாத்திருவானுக."

தங்கராசு பூண்டிக்காரன். அந்தக் காலத்தில் மேல்மலையிலிருந்து பூண்டும் காரட்டும் ஏற்றி வந்து ஓட்டல் பின்வாசலில் இறக்கியவன். இப்போது சொந்த வேன். சீசனில் ஆள் ஏற்றுகிறான், மற்ற நாளில் காரட் ஏற்றுகிறான். "காரட்டுதான்யா நல்ல சவாரி. எந்த எடத்துலயும் எறக்கி போட்டோ எடுன்னு கேக்காது" என்பான். நாலாவது ஆள் இவன்தான். அவ்வளவுதான் எங்கள் கூட்டம்.

முதல் நாள் போன கடையில் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்கு நிறைய மேகம். என் போன் திரையில் இத்தனை வருஷமாக இருக்கிற படம் அதுதான். நேராகப் போய் அதைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மற்ற மூவரும் எதிர்ப்பக்கம், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள். பட்டர் பீன்ஸ் சூப் வந்தது. பூண்டு ரொட்டி வந்தது. நான் மேகத்தைப் பார்த்தேன். அவர்கள் என் தலைக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, தட்டு ரெண்டு கையிலயும் வருது பாரு. ட்ரே எங்க?"

"ட்ரேல மாஸ்டர் படுத்திருப்பாரு."

"அவரு கோவத்துல இருக்காருண்ணே. கதவு ஆடுற ஆட்டத்தப் பாருங்க."

மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது சமையலறைக் கதவு ஆடி முடித்திருந்தது.

பரிமாறுகிறவர் தண்ணீர் வைத்தார், நன்றி சொன்னேன். ஸ்பூன் வைத்தார், நன்றி சொன்னேன். என் முழங்கை அவர் மேல் பட்டது, மன்னிப்புக் கேட்டேன். ரோஸ்லின் பொறுத்துப் பார்த்தாள்.

"அண்ணே, போதும்ணே. அவரு இப்ப ஒண்ணும் வைக்காமத் தள்ளி நிக்கிறாரு, பயந்துபோயி."

எனக்கும் சிரிப்பு வந்தது. நல்ல மதியம்தான் அது. பாண்டியிடம் விஷயத்தைப் பேச வாயெடுத்தேன். அதற்குள் மேகம் விலகியது. பாண்டி உடம்பைத் திருப்பி, கையை நீட்டினான்: "அந்தா தெரியுதுல்ல, அதான் பெரியகொளம். அந்தப் பக்கம் மினுங்குறது டேமு. நல்ல வெயில்ல இன்னும் க்ளியராத் தெரியும்." அந்தச் சரிவில் அவனும் நானும் விறகு பொறுக்கியிருக்கிறோம். அவன் அதை மறக்கவில்லை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்த ஆளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

இரண்டாம் நாள் சாப்பாட்டு மேசையிலிருந்து ஜெரினுக்கு வீடியோ போட்டேன். ஆபீஸில் இருந்தான், இருந்தாலும் முகம் காட்டினான். மூவரும் போனுக்குள் தலையை விட்டார்கள். "தம்பி சாப்டியா? எப்பய்யா வருவ?" என்று பாண்டி கத்தினான். ஜெரின் ஆங்கிலத்தில் நலம் விசாரித்தான். ஊர் அழகாக இருக்கிறது என்றான். தானும் கண்டிப்பாக ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்றான். போனை வைத்த பிறகு பாண்டி சந்தோஷமாகச் சொன்னான்:

"பய நல்லாப் பேசுறான்டா. அப்பிடியே நம்ம கஸ்டமரு மாதிரி."

பாராட்டித்தான் சொன்னான். அன்றைக்கும் நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை.

5

எங்கள் ஊரில் ஓட்டல் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வழக்கம். வேறொரு கடையில் சாப்பிட்டால், கிளம்பும் முன் அதன் அடுப்படியில் தலையைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். காட்டாமல் போனால் சமையல் பிடிக்கவில்லை என்று அர்த்தம். உள்ளே போனால் மாஸ்டர் சும்மா அனுப்ப மாட்டார். வேலையாட்களுக்கு என்று ஒரு ஓரத்தில் தனியாகக் கொதிக்கிற சட்டியிலிருந்து ஒரு கரண்டி ஊற்றித் தருவார். வெளியே மேசைக்கு வருவது தொழில். அந்தச் சட்டியில் இருப்பதுதான் சாப்பாடு.

முதல் நாள் மூவரும் எழுந்தபோது நானும் எழுந்தேன். பாண்டி என் தோளில் கையை வைத்து உட்கார வைத்தான். "நீ இருலே. உள்ள ஒரே ஈரம், வழுக்கும். ஷூ வீணாப் போயிரும்." அன்றைக்கு அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். அக்கறைதான். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சாதாரணச் செருப்புப் போட்டுக்கொண்டு போனேன். "உள்ள பொகைய்யா, உனக்குச் சேராது" என்றான். கதவு ஆடும்போதெல்லாம் கருவாட்டுக் குழம்பின் வாசனையும் அவர்கள் சிரிப்பும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தன. நான் நன்றாகத் துடைத்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்தேன். அயர்லாந்தில் நான் தினமும் நிற்பது ஈரத்தரையில், புகைக்கு நடுவில்தான் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் பரிமாறுகிறவர் ஓடி வந்து என்ன சார் வேணும் என்பார்.

நாலாம் நாள் தங்கராசு தன் போனைப் பரிமாறுகிறவரிடம் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னான். அதை வாங்கி ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். அவள் டியூட்டி இடைவேளையில் பார்த்திருப்பாள். பதில் வந்தது: 'எல்லாரும் நல்லா இருக்காங்க. நீங்க எங்க?'

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் பாண்டி, ரோஸ்லின், தங்கராசு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு. இந்தப் பக்கம் ஒரு மப்ளரும் ஒரு பின்னந்தலையும். நடுவில் வழுக்கை விழுந்திருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலு நாளும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறோம்: அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நான்.

வேனுக்கு நடக்கும்போது ரோஸ்லினிடம் கேட்டேன். "ஏம்மா, நீங்க மூணு பேரும் அந்தப் பக்கமே உக்காருறீங்க?"

"எங்களுக்கு அடுப்படிக் கதவு தெரியணும்ணே. பள்ளத்தாக்கு எங்க போயிரப் போகுது, அங்கனயேதான கெடக்கு? கதவப் பாத்தாத்தான் என்ன வருது, யாரு வர்றா, யாரு திட்டு வாங்குறான்னு தெரியும். ஊர்க்காரங்க எல்லாரும் அப்பிடித்தான உக்காருவோம். நீங்களும் முந்தி அப்பிடித்தான் உக்காருவீக."

"அப்ப எனக்கு ஏம்மா சொல்லல?"

"பாண்டிண்ணன்தான் மொத நாளே சொல்லிருச்சு. அந்த நாற்காலியில எவனும் உக்காரக் கூடாது, அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கான், ஆசையா இருக்கும், பாத்துட்டுப் போகட்டும்னு."

பாத்துட்டுப் போகட்டும். இதில் குற்றம் சொல்ல ஒரு எழுத்து இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். நல்ல சீட்டை எனக்கு ஒதுக்கி வைத்திருக்கிறான், அவ்வளவு அன்பு. போகிற ஆள் என்றும் முடிவு செய்து வைத்திருக்கிறான்.

6

பாண்டி கடைக்குப் போன கடைசி நாளைச் சொல்வதற்கு முன், திரும்பி வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டெல்லா விமான நிலையத்துக்கு வந்திருந்தாள், யூனிஃபார்மோடு. டியூட்டி முடிந்து அப்படியே வந்திருக்கிறாள். ஜெரின் வரவில்லை, 'வெல்கம் ஹோம்' என்று போனில் வந்தது. ஒரு வாரத்துக்கு முன்பு நான் கிளம்பியபோது 'என்ஜாய் ஹோம்' என்று அனுப்பியதும் அவன்தான். அவன் மேல் தப்பில்லை. எதை எது என்று அவனுக்கு நாங்கள்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

காரை ஸ்டெல்லாதான் ஓட்டினாள். மழை. வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. ஊர் எல்லைக்கு வந்த பிறகுதான் கேட்டாள்.

"என்னவா வச்சிருக்காங்க?"

"நல்லா வச்சிருக்காங்க."

"நல்லான்னா?"

"ரொம்ப நல்லா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள். நர்ஸ்களிடம் ஒரு கெட்ட பழக்கம், எங்கே வலிக்கிறது என்று ஒருமுறைதான் கேட்பார்கள். அந்த வாரமே, இங்கே வேலையில் தொடர்வதற்கு வேண்டிய நர்ஸ் பதிவை அடுத்த வருஷத்துக்குப் புதுப்பித்தாள். நான் பார்க்கிற மாதிரி, சாப்பாட்டு மேசையில் வைத்தே செய்தாள். ஊருக்குப் போவதைப் பற்றி அதற்கப்புறம் நாங்கள் பேசவில்லை. பாண்டியோடு ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் நிற்கவில்லை. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளாம். போனை வைக்கும்போது, "வந்துரு, இடமா இல்ல" என்று இப்போதும் சொல்கிறான். நானும் "வர்றேன்டா" என்கிறேன்.

7

கடைசி நாள் வேனுக்குக் காத்திருக்கவில்லை. வெள்ளனே எழுந்து வட்டக்கானலுக்கு நடந்தே இறங்கினேன். பாண்டிக்கு அன்றைக்குக் கூட்டம் இருக்கும். போய்க் கூட நின்றால், கேட்கிறதும் சுலபமாக இருக்கும் என்று ஒரு கணக்கு.

கடை திறந்திருந்தது. மேசைகளைத் தாண்டி நேராக அடுப்படி வாசலுக்குப் போனேன். பாண்டி வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு கூடை மலைப்பூண்டு. வாசற்படியில் நின்றபடியே கையை நீட்டி ஒரு கத்தியை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

"ஏலே ஏலே, வை அத. கையெல்லாம் நாறும்."

"நாறுனா நாறட்டும். அங்க இதத்தான் செய்யுறேன்."

"அங்க செய்யுற. இங்கயுமா? உனக்கு எதுக்கு இந்தச் சோலி? லீவுக்கு வந்த ஆளு." கத்தியை என் விரல்களிலிருந்து மெதுவாகப் பிரித்து எடுத்துக்கொண்டான்.

அதற்குள் ரோஸ்லினும் தங்கராசும் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு மழையோடு வந்தார்கள். என்னை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். பாண்டி திரும்பவில்லை. கரண்டியால் கிளறியபடியே காலால் ஒரு ஸ்டூலைத் தள்ளினான், அது ரோஸ்லினிடம் போய் நின்றது. இன்னொன்றைத் தள்ளினான், அது தங்கராசின் முழங்காலில் இடித்தது.

"பாத்து தள்ளுய்யா. முட்டி போச்சுன்னா ஆரு வண்டி ஓட்டுறது?"

"காரட்ட ஓட்டச் சொல்லு. நல்ல சவாரிதான அது?"

நான் படியிலேயே நின்றேன். உள்ளே மூன்றாவது ஸ்டூல் ஒன்று இருந்தது. அதன்மேல் முட்டை அட்டை. கேட்டுவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

"பாண்டி, நான் வந்துரலாம்னு இருக்கேன்டா."

"வாயேன். அடுத்த சீசன்லயா? ரூமு சொல்லி வைக்கணும்."

"லீவுக்கு இல்ல. மொத்தமா. ஸ்டெல்லாவும் வந்துருவா. உன்கூடக் கடையில நின்னுக்குறேன்."

வெங்காயம் சீறிக்கொண்டிருந்தது. ரோஸ்லின் தங்கராசைப் பார்த்தாள். தங்கராசு தன் முழங்காலைத் தடவினான்.

"சும்மா சொல்றீகளாண்ணே?" என்றாள் ரோஸ்லின்.

"நெசமாத்தாம்மா. இவன்தான் வாரா வாரம் கூப்புட்டான்."

"கூப்புட்டேன்தான்" என்றான் பாண்டி. எங்கள் யாரையும் பார்க்காமல், சட்டியைப் பார்த்துச் சொன்னான். நெருப்பைக் குறைத்தான். துண்டின் ஓரத்தால் நெற்றியைத் துடைத்துவிட்டு அதை மறுபடி தோளில் போட்டுக்கொண்டான். அவன் முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. மேசைகள் நிரம்பிய பிறகு தூரத்து ஆள் ஒருவர் வாசலில் வந்து நின்றால், அவரைத் திருப்பி அனுப்பக்கூடாதே என்று கடைக்காரன் முகம் எப்படி ஆகுமோ, அப்படி இருந்தது.

"ஏன்டா, வரக்கூடாதா?" என்றேன்.

"நீ ஒண்ணு… வரக்கூடாதுன்னு யாருலே சொன்னா? வா. தாராளமா வா. உன்னைய எங்க உக்கார வைக்கிறதுன்னுதான் யோசிக்கிறேன்."

சொல்லிவிட்டு, படியில் நின்ற என்னைத் தோளைப் பிடித்து ஒதுக்கி வெளியே வந்தான். ஜன்னல் பக்கம் போனான். கண்ணாடியில் படிந்திருந்த ஆவியை உள்ளங்கையால் வழித்துவிட்டான், பள்ளத்தாக்கு தெரிந்தது. அங்கே கிடந்த நாற்காலியை இழுத்து அதற்கு நேராகத் திருப்பிப் போட்டான். தோளில் கிடந்த துண்டை எடுத்தான். நாற்காலியைத் தட்டி, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகத் துடைத்தான்.